கோணல் கிரீடம்

“தம்பி, தெறிக்கணும். சும்மா போத்தல நிக்க வச்சு எடுத்தா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க.”

அக்கா அவ்வளவுதான் சொன்னார். பெரியம்மா மகள். ஆங் மோ கியோவில் எங்கள் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளி வீடு. நன்னாரி சர்பத் காய்ச்சித் தெரிந்தவர்களுக்கு விற்கிறார். தீபாவளி ஆர்டர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்ப ஒரு படம் வேண்டும். கண்ணாடிக் குவளை, அதற்குள் விழும் ஐஸ் கட்டி, கிரீடம் மாதிரி எழும்பும் சர்பத். பெரிய கம்பெனி விளம்பரங்களில் வருமே, அது மாதிரி. “நீ இன்ஜினியர்தானே, உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. ஆனால் கண்டுபிடித்துவிடலாம் என்ற திமிர் இருந்தது. சிம் லிம் டவரில் ஓர் இன்ஃப்ராரெட் சென்சர் வாங்கினேன். கேமராவும் ஃபிளாஷும் நண்பனிடம் இரவல். ஒரு சனிக்கிழமை இரவு அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலைக் கறுப்புக் குப்பைப் பைகளால் மூடினோம். விளக்கை அணைத்துவிட்டு, கேமராவின் ஷட்டரை இரண்டு விநாடி திறந்தே வைப்போம். விழும் ஐஸ் கட்டி சென்சரைக் கடக்கும். சில மில்லி விநாடி கழித்து ஃபிளாஷ் ஒருமுறை வெட்டும். ஃபிளாஷின் சக்தியை ஆகக் குறைவாக வைத்தால் அந்த வெளிச்சம் விநாடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும். ஓட்டத்தை நிறுத்துவது ஷட்டர் இல்லை, இருட்டும் அந்த வெட்டு வெளிச்சமும்தான்.

246 படங்கள். ஒன்றில் தெறிப்பு இடது பக்கம் சாய்ந்தது. ஒன்றில் ஒரே ஒரு கொம்பு. ஒன்றில் லேபிள் முழுக்க நனைந்துவிட்டது. மனதில் இருந்த கிரீடம் ஒன்றிலும் இல்லை. கடைசியில் ஒரு படத்திலிருந்து குவளை, இன்னொன்றிலிருந்து அலை, மூன்றாவதிலிருந்து காற்றில் நிற்கும் துளிகள் என்று எடுத்து மடிக்கணினியில் ஒட்டினேன். அரை மணி நேர வேலை. அக்கா திரையை உற்றுப் பார்த்தார்.

“அழகா இருக்குடா. ஆனா இது எப்ப நடந்துச்சு?”

சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியோடு பழைய புத்தகங்களைத் தேடப் போனபோதுதான், ஏறக்குறைய இதே கேள்வியில் 130 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் மாட்டிக்கொண்டார் என்று தெரிந்தது.

*

ஆர்தர் மேசன் வொர்திங்டன் 1852-இல் பிறந்த ஆங்கிலேய இயற்பியலாளர். டெவன்போர்ட்டில் இருந்த கடற்படைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அவர் கதை ஒரு பள்ளிக்கூடப் பையனில் தொடங்குகிறது. 1875-இல் ரக்பி பள்ளி மாணவன் நியூவால், புகைக்கரி படிந்த கண்ணாடியில் தவறி விழுந்த மைத்துளிகள் விட்டுப்போன தடங்களைக் கவனித்தான். வட்டமும் கதிரும் சேர்ந்த, கோலம் போட்ட மாதிரியான தடங்கள். ஒரு துளி விழுந்து முடிகிற அந்தக் கண நேரத்தில் இவ்வளவு வேலை நடக்கிறதா? வொர்திங்டன் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேல் விடவில்லை.

அவருடைய ஏற்பாடு எளிமையானது, அழகானது. இருட்டறை. மின்காந்தத்தை நிறுத்தினால் துளி ஒன்று விழும். அதே நேரத்தில் இன்னொரு பக்கம் ஒரு குண்டும் விழும். குண்டு கீழே வந்து சேர்ந்ததும் ஒரு மின்பொறி வெட்டும். குண்டின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் பொறி கொஞ்சம் தாமதமாக வரும், தெறிப்பின் அடுத்த கட்டம் தெரியும். பொறி நீடிப்பது விநாடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த வெளிச்சத்தில் கண்ணில் பதிந்த உருவம் மறைவதற்குள் அவர் காகிதத்தில் வரைந்துவிட வேண்டும்.

அக்கா வீட்டுச் சமையலறையில் நாங்கள் செய்ததும் இதேதான். இருட்டு, விழும் பொருள், தாமதம், வெட்டு வெளிச்சம். அவர் குண்டைப் போட்ட இடத்தில் நான் சென்சர் வைத்தேன்.

அவர் ஏன் நேராகப் படமே பிடிக்கவில்லை? மின்பொறியை வைத்துப் படமெடுப்பது புதிது இல்லை. 1851-இலேயே ஃபாக்ஸ் டால்பாட், வேகமாகச் சுழலும் சக்கரத்தில் ஒட்டிய டைம்ஸ் நாளிதழ்ப் பக்கத்தைப் பொறி வெளிச்சத்தில் தெளிவாகப் பிடித்துக் காட்டியிருந்தார். ஆனால் விழும் பால் துளியிலிருந்து தெறித்து வரும் கொஞ்ச வெளிச்சம் வொர்திங்டனின் தகடுகளுக்குப் பல ஆண்டுகள் போதவில்லை. அதனால் கையால் வரைந்தார், ஏறக்குறைய இருபது ஆண்டுகள். அந்த ஓவியங்கள் அத்தனை நேர்த்தி. விளிம்பில் சம இடைவெளியில் கொம்புகள், ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரு மணி. யாரோ பொற்கொல்லர் செய்துவைத்த மாதிரி.

1894-இல் ஒருவழியாகப் புகைப்படம் கைகூடியது. தகடுகளைக் கழுவிப் பார்த்தால் கிரீடம் கோணல். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. கொம்புகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் துளிக்குத் துளி வேறு. அவர் இருபது ஆண்டுகளாக வரைந்த சமச்சீரான தெறிப்பு கேமராவின் முன் வரவே இல்லை.

இந்த இடத்தில் அவர் செய்ததுதான் என்னை நிறுத்தியது. கேமராவைக் குறை சொல்லவில்லை. பழைய வரைபடங்களை எடுத்துத் திரும்பப் பார்த்தார். அவற்றில் கோணலான உருவங்கள் நிறையவே இருந்தன, அவர் கையாலேயே வரைந்தவை. அப்போதும் கண் பார்த்திருக்கிறது, கை வரைந்திருக்கிறது, ஆனால் அச்சுக்குப் போகும்போது அவை ஒதுங்கிவிட்டன. பார்ப்பவரின் மனதில் ஓர் இலட்சியத் தெறிப்பு உட்கார்ந்துகொள்கிறது, மற்றதெல்லாம் அதிலிருந்து பிசகியவையாகத் தெரிகின்றன என்று 1895-இல் வந்த தன் சின்னப் புத்தகத்தில் அவரே எழுதிவைத்தார். அறிவியல் வரலாற்றாசிரியர்கள் லொரெய்ன் டாஸ்டனும் பீட்டர் கேலிசனும் ‘அப்ஜெக்டிவிட்டி’ என்ற 2007-ஆம் ஆண்டுப் புத்தகத்தை இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இயற்கையின் உருவத்தைச் செம்மைப்படுத்திக் காட்டுவதே அறிவியலின் கடமை என்று இருந்த காலம் போய், செம்மைப்படுத்தாமல் விடுவதே கடமை என்ற காலம் வந்ததற்கு வொர்திங்டன் அவர்களுக்கு ஓர் அடையாளம்.

*

ஆனால் வொர்திங்டனை ‘ஏமாந்தவர்’ என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் அவர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் அந்த 246 படங்களோடு உட்கார்ந்த பிறகுதான் புரிந்துகொண்டேன்.

ஒரு பொறிக்கு ஒரு காட்சிதான். துளி தொடுவது ஒரு படம், பள்ளம் விழுவது அடுத்தது, கிரீடம் எழுவது மூன்றாவது, நடுவில் தூண் எழுவது நான்காவது. ஆனால் இவை நான்கும் ஒரே துளி இல்லை, நான்கு வேறு வேறு துளிகள். தெறிப்பின் ‘கதை’ என்று அவர் அச்சிட்ட வரிசையில் ஒவ்வொரு படமும் வேறு துளியின் வாழ்க்கையிலிருந்து எடுத்தது. இவற்றைக் கோத்து ஒரு கதையாகச் சொல்ல வேண்டுமானால், எல்லாத் துளியும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கிறது என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். இடது பக்கம் சாய்ந்த துளி அந்த வரிசையில் எங்கே உட்காரும்? அதே சாய்வு இன்னொரு துளியில் திரும்ப வராது. திரும்ப வராத ஒன்றைக் கதையில் சேர்க்க முடியாது என்பதையும் அவரே சொல்கிறார்.

விதியைத் தேடுகிறவன் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். விளிம்பு வளையம் ஏன் மணிகளாக உடைகிறது என்பதற்கு, நீர்த்தாரைகள் துளிகளாக உடைவதை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் பிளாட்டோவின் விளக்கத்தை வொர்திங்டன் எடுத்துக்கொண்டார். பரப்பு இழுவிசை நீண்ட திரவ வடிவத்தை நிலையாக இருக்க விடாது, அங்கங்கே பருத்து அங்கங்கே மெலிந்து கடைசியில் துளியாக்கிவிடும். இந்த விளக்கம் கோணல் படங்களிலிருந்து மட்டும் கிடைத்திருக்காது.

ஆகவே விட்டது தப்பில்லை. விட்டதை வைத்திருந்தாரா, கேட்டால் எடுத்துக் காட்ட முடியுமா என்பதுதான் விஷயம். அவர் வைத்திருந்தார்.

*

அறிவியல் கைவிட்ட அந்தச் சமச்சீர்க் கிரீடத்தை விளம்பரம் எடுத்துக்கொண்டது. நடுவில் பாலமாக இருந்தவர் ஓர் இன்ஜினியர். அமெரிக்காவின் எம்ஐடியில் மின்பொறியியல் படிக்க வந்த ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1930களின் தொடக்கத்தில் ஸ்ட்ரோபோஸ்கோப்பைக் கையில் எடுத்தார். வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைச் சட்டென்று பாய்ச்சி, திரும்பத் திரும்ப, அளந்து வெட்டும் வெளிச்சம். இன்று கேமரா தலையில் மாட்டுகிற ஒவ்வொரு ஃபிளாஷும் அதன் பேரப்பிள்ளை. எட்ஜர்ட்டனுக்கும் பால் துளி மேல் ஒரு கிறுக்கு. துளி ஓர் ஒளிக்கற்றையை மறிக்கும், சர்க்கியூட் சற்றுப் பொறுத்து ஃபிளாஷை அடிக்கும். அவருடைய பால் துளிப் படம் ஒன்று 1937-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் புகைப்படக் கண்காட்சியில் இடம்பெற்றது. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. எல்லாரும் பார்த்திருக்கும் அந்த வண்ணப்படம், சிவப்புப் பின்னணியில் வெள்ளைக் கிரீடம், 1957-இல்தான் வந்தது. கால் நூற்றாண்டுத் தேடல்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பாருங்கள். அதிலும் கொம்புகள் ஒரே உயரமில்லை, இடைவெளி சமமில்லை. ஆனால் நம் நினைவில் அது வட்டமான, குறையே இல்லாத கிரீடமாகத்தான் பதிந்திருக்கிறது. வொர்திங்டனின் மனதில் உட்கார்ந்த அதே ஆள் நம் மனதிலும் உட்கார்ந்திருக்கிறான்.

அவனுக்குத்தான் விளம்பரக்காரர்கள் விற்கிறார்கள். நீர் தெறித்தால் குளிர்ச்சி, புதுமை, தாராளம். 1975-இல் வந்த லிரில் சோப்பு விளம்பரத்தில் வேறொன்றும் இல்லை, ஒரு பெண், ஓர் அருவி, தெறிக்கும் தண்ணீர். அதைப் படமாக்கிய கொடைக்கானல் பாம்பார் அருவிக்கு லிரில் அருவி என்றே பெயர் வந்துவிட்டது. அங்கே தண்ணீராவது நிஜம். ஸ்டூடியோக்களில் அதுவும் தேவையில்லை என்றானது. உருகாத அக்ரிலிக் ஐஸ், குவளையின் வெளிப்பக்கம் வழியாமல் நிற்கும் கிளிசரின் வியர்வை, காலை உணவு விளம்பரத்தில் பாலுக்குப் பதில் வெள்ளைப் பசை. எல்லாம் இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம்.

எங்கே கோடு போடுவது? அமெரிக்காவில் கேம்பல் நிறுவனம் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டுப் படமெடுத்தது. காய்த்துண்டுகள் அடியில் போகாமல் மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்நாட்டு வணிக ஆணையம் விசாரித்தது. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கி வழக்கில் நுழையப் பார்த்தார்கள். அமைப்பின் பெயரைச் சுருக்கினால் ‘சூப்’ என்று வரும்! 1970-இல், இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு முடிந்தது. கவனியுங்கள், அந்தச் சூப் நிஜம், காய் நிஜம், குண்டும் நிஜம். பொய் எதில் இருந்தது? காய் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பவர் போடும் கணக்கில்.

இன்று கிண்ணமே வேண்டாம். மாட்ரிட் நகரத்து நெக்ஸ்ட் லிமிட் நிறுவனத்தின் ரியல்ஃப்ளோ மென்பொருள் திரவ ஓட்டத்தைக் கணினியிலேயே கணக்கிட்டு வரைகிறது. 2008-இல் ஆஸ்கர் குழுவின் தொழில்நுட்ப விருதும் வாங்கியது. கணினிக்குள் கிரீடத்தைக் கோணலாக்க வேண்டுமானால்தான் தனியாக உழைக்க வேண்டும்.

*

இந்தப் படங்கள் அனைத்திலும் விடுபட்டுப்போன ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் ஒதுக்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை. அது காற்று.

வொர்திங்டனுக்கே ஒரு குறிப்பு கிடைத்திருந்தது. நன்றாக மெருகேற்றிய உலர்ந்த குண்டு சத்தமில்லாமல், தெறிப்பில்லாமல் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அதே குண்டு சொரசொரப்பாக இருந்தால் காற்றையும் இழுத்துக்கொண்டு பெரிய கலவரத்தோடு போனது. படத்தில் சத்தம் இல்லை, ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி நம் ஆள் ஒருவரையும் தொட்டது. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், ஒளிச்சிதறலால் உலகப் புகழ் பெறுவதற்கு முன்பு கல்கத்தா பவ்பஜார் தெருவில் இருந்த அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஒலியை ஆராய்ந்துகொண்டிருந்தார். வயலின், வீணை, மிருதங்கம் எல்லாம் அவர் மேசையில் இருந்த காலம் அது. 1920-இல் அவரும் அவருடைய உதவியாளர் ஆசுதோஷ் தேயும் சேர்ந்து ‘பிலசாஃபிக்கல் மேகசின்’ இதழில் தெறிப்புகளின் ஒலி பற்றியே ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஆசுதோஷ் தே பட்டம் படித்தவர் இல்லை, கருவிகளோடு வளர்ந்தவர். எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை இவர்கள் இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

1933-இல் நெதர்லாந்தின் மின்னார்ட் கணக்கை முடித்துவைத்தார். தண்ணீருக்குள் சிக்கிய காற்றுக் குமிழி மணி மாதிரி அதிர்கிறது. ஒரு மில்லி மீட்டர் ஆரமுள்ள குமிழி என்றால் விநாடிக்குச் சுமார் 3,300 அதிர்வுகள். குழாயடியில் சொட்டுகிற ‘டொக்’கில் பெரும்பங்கு தண்ணீரின் குரல் இல்லை, அகப்பட்டுக்கொண்ட காற்றின் குரல்.

இந்தக் கதை நம்மூருக்கும் வருகிறது. ஐஸ்லாந்துக்காரரான சிகுர்தூர் தோரோட்சன் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக இயந்திரப் பொறியியல் துறையில் இருந்தார். ஒசாகாவின் கின்கி பல்கலைக்கழகத்தில் டாகேஹாரு எட்டோ உருவாக்கிய கேமரா விநாடிக்குப் பத்து லட்சம் படம் எடுக்கும். மொத்தம் நூற்றுச்சொச்சம் படங்கள்தான், ஆனால் எல்லாம் ஒரே துளி! வொர்திங்டனுக்குக் கிடைக்காதது இதுதான். இவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், விழும் துளியின் அடியில் ஒரு மெல்லிய காற்றுத் தட்டு மாட்டிக்கொண்டு, சுருங்கி, நடுவில் ஒரு குட்டிக் குமிழியாக ஆவதைப் படிப்படியாகக் காட்டினார்கள். துளி தரையைத் தொடுவதற்கு முன்பே காற்று அதன் வயிற்றைக் குழித்துவிடுகிறது.

அதே 2005-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் லெய் ஷூ, வெண்டி ஜாங், சிட்னி நேகல் ஆகியோர் ஒரு ஆல்கஹால் துளியைக் காற்றை உறிஞ்சியெடுத்த அறைக்குள் வழவழப்பான கண்ணாடிமேல் போட்டார்கள். அழுத்தம் வளிமண்டலத்தில் ஆறில் ஒரு பங்குக்கு வந்தபோது தெறிப்பே இல்லை. துளி தோசைமாவு போல அமைதியாகப் பரவிக்கொண்டது. காய்ந்த வழவழப்பான தரையில் கிரீடத்தைத் தூக்கிவிடுவது துளி மட்டும் இல்லை, சுற்றியிருக்கும் காற்றும்தான்.

*

இனி என் கதை. அக்காவின் கேள்வி எனக்கு ஏன் அப்படி உறைத்தது என்று சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

பல்கலைக்கழகத்தில் என் இறுதியாண்டு புராஜெக்ட், ஒரு சிறிய நீரேற்றும் பம்ப்பின் ஓட்டத்தை அளப்பது. முப்பது தடவை ஓட்டினேன். 26 தடவை அளவுகள் ஒரு வளைகோட்டில் அழகாக உட்கார்ந்தன. நான்கு தடவை நடுவில் குதித்தன. நள்ளிரவு, மறுநாள் ஒப்படைக்க வேண்டும். ‘கருவிப் பிழை’ என்று ஒரு வரிகூட எழுதவில்லை. நான்கையும் நீக்கிவிட்டு, 26 ஓட்டங்கள் செய்தேன் என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை. நல்ல மதிப்பெண்.

வேலைக்குப் போய் இரண்டாம் வருஷம் ஒரு பம்ப்பின் பதிவில் அதே குதிப்பைப் பார்த்தேன். அச்சு அசல். என்னோடு இருந்த மூத்த டெக்னீஷியன் ஒருவர் அளவியைப் பார்க்கக்கூட இல்லை. பம்ப்பில் காதை வைத்தார். “காத்து இழுக்குதுப்பா,” என்றார். உறிஞ்சு குழாயின் மூட்டு ஒன்று தளர்ந்திருந்தது. அங்கிருந்து காற்று போய்க்கொண்டிருந்தது. இறுக்கியதும் குதிப்பு நின்றது.

அன்று வீட்டுக்கு வந்து பழைய புராஜெக்ட் கோப்புகளைத் தேடினேன். அறிக்கை இருந்தது, வளைகோடு இருந்தது, 26 ஓட்டங்களின் தரவும் இருந்தது. அந்த நான்கு இல்லை. அழித்திருக்கிறேன். என் பம்ப்பும் அப்போது காற்றை இழுத்ததா, அல்லது அளவி நிஜமாகவே பிசகியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வொர்திங்டனுக்கு இருபது ஆண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்க ஓர் அலமாரி இருந்தது. என்னிடம் அது இல்லை.

அக்கா கடைசியில் ஒட்டிய படத்தைத்தான் அனுப்பினார். “ஆர்டர் வரணும்ல,” என்றார். நான் மறுக்கவில்லை, கிரீடத்தைப் பார்த்து யாரும் சர்பத்தின் அளவைக் கணக்குப் போடப் போவதில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் ‘மூன்று படங்களைச் சேர்த்தது’ என்று சின்ன எழுத்தில் போடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே போட்டார். ஒருவர் மட்டும் ஏன் என்று கேட்டாராம்.

246 படங்களும் என் வன்வட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறேன். 113-ஆவதில் தெறிப்பு ஒரு பக்கமாகவே போகிறது, குவளையின் மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை. ஐஸ் கட்டி சாய்ந்து விழுந்திருக்கலாம். சமையலறைக் கதவு லேசாகத் திறந்து காற்று வந்திருக்கவும் கூடும்.